ஐம்பதில் ஒன்பது

அன்று அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஞாபகசக்தியைச் சோதிக்கும் டாக்டரம்மா, படம் காட்டிய பெண், நான், என் மனைவி.

லோஹேகாவ் ரோட்டில் லாரி இடித்து ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது முதல் எனக்கு மறதி. அது நிஜம். ஆனால் எட்டாவதோடு படிப்பை விட்டவன் மூளை எதையும் பயந்துதான் யோசிக்கும். சரியாகச் சொன்னால், எனக்கு ஒன்றுமில்லை என்று கோர்ட்டில் நஷ்டஈட்டை மறுத்துவிட்டால்? ஐம்பது படங்களைக் காட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றோடும் ஒரு புதுப் படத்தைச் சேர்த்து இரண்டிரண்டாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்டார்கள். ஞாபகம் இருந்த படத்தை விட்டுவிட்டு மற்றதையே தொட்டேன்.

டாக்டரம்மா இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பாதி சரியாக வரும். உங்களுக்கு ஒன்பதுதான். விடை தெரிந்தவர்தான் இவ்வளவு தப்பாகச் சொல்ல முடியும்."

தப்பாகச் சொல்வதற்கும் ஓர் அளவு உண்டென்று யார் கண்டது?

மனைவி தமிழில் கேட்டாள்: "வேணும்னேவா தொட்டீங்க?"

"பயத்துல செஞ்சுட்டேன்டி."

"அட பாவி மனுசா! கேஸ் அடுப்பை அணைக்க நெசமாவே மறக்கறீங்களே, அதை இனி எவன் நம்புவான்?"

இன்னொரு முறை சோதனை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். நடந்ததைத்தான் எழுத முடியும் என்றார் டாக்டரம்மா. மறதிக்கென்று கேட்ட நஷ்டஈட்டில் ஒரு பைசாகூட வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மச்சானிடம் வாங்கியதில் இன்றும் இருபத்திரண்டாயிரம் ரூபாய் பாக்கி.