மாமனாரின் ஆஸ்பத்திரிக் கணிப்பு

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி செந்துறைக்கு வந்தேன். என் மாமனார் அப்போதுதான் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். எந்தப் பையன் தேறுவான், எவன் தேற மாட்டான் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? ஊரில் வயதானவர்களில் அடுத்து யார் அரியலூர் ஆஸ்பத்திரியில் படுப்பார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒருவர் கையை ஊன்றி எழுந்தாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ போதும், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கல்யாணப் பந்தியில் சோற்றை வாயருகே கொண்டுபோனவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் பலித்தது என்பதுதான் கொடுமை.

பக்கத்து வீட்டில் வயதான மாட்டுத் தரகர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் காலைப் பார்த்துவிட்டு, "வீக்கம் வந்துடுச்சு. ஆடி தாண்டாது, ஆஸ்பத்திரிதான்" என்றார் மாமனார். மறுநாளிலிருந்து தரகர் வேட்டியைத் தரையில் புரளவிட்டு, எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் விறைப்பாக நடந்தார். மகன்களிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கடலைக்காட்டில் சுருண்டு விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்கு ஓடினார்கள்.

சேதி வந்தபோது மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

ரசம் ஊற்றவந்த மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொன்னீங்க. பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அது அவங்க வூட்டு ஆளுங்க வேலை."

"இனிமே யாரைச் சொல்றீங்களோ, அவங்களை நீங்களே கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வாங்க. முடியாதுன்னா வாயத் தொறக்காதீங்க."

தரகர் எப்படியோ பிழைத்து வந்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்று டாக்டர் திட்டினாராம்.

பழக்கதோஷத்தில் மாமனார் அடுத்து எதிர்வீட்டுக் கிழவியைச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலேயே தூக்குவாளியில் சோறு கட்டி இருவரையும் பஸ் ஏற்றிவிட்டார் மாமியார். போக வர நின்றபடி பயணம், நடுவில் வெயிலில் வரிசை. கிழவி மாத்திரைப் பொட்டலத்தோடு வெற்றிலை மென்றுகொண்டு இறங்கினாள். மாமனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதோடு செந்துறையின் வயதானவர்கள் அத்தனை பேரும் ஆரோக்கியமாகிவிட்டார்கள். யாராவது தானே வந்து காலை நீட்டினாலும், மாமனார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணுமில்ல, உப்பக் கொறச்சுக்குங்க" என்பார். மாமியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் காலை விரலால் அமுக்கிப் பார்ப்பார். குழி விழுந்தால், அவரை அரியலூருக்குக் கூட்டிப்போக என்னைக் கிளப்புவார்.