கணித பாடத்துக்குப் பூட்டிய கதவு

என் தங்கை உதயகலா பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்பவன். எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவள் அவள் ஒருத்திதான். அவளுடைய பட்டமளிப்புப் படம் விறாந்தையில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களை அதற்கு நேரெதிர்க் கதிரையில்தான் இருத்துவேன்.

அந்தப் பள்ளியின் கணிதப் பெறுபேறு குறைந்துவிட்டதென்று மேலிடம் கவலைப்பட்டது. உடனே புள்ளிகளைக் கூட்ட அடைவு மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. திட்டத்துக்குத் தொடக்க விழா. விழாவுக்கு மாலை, விளக்கு, பாண்ட் வாத்தியம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உயரம் போதாது, ஒன்பதாம் வகுப்பு சொல்வழி கேளாது என்று பள்ளி அதிபர் நடராசா எட்டாம் வகுப்பைத் தெரிவுசெய்தார். ஒத்திகை கணித பாட நேரத்தில்.

பிறகு முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு குழு வந்தது. அதற்கும் ஒத்திகை. முன்னேற்றம் இல்லையென்று குழு கண்டுபிடித்தது. ஏன் இல்லையென்று ஆராயக் கருத்தரங்கு ஏற்பாடு செய்தார்கள். அதற்கும் பாண்ட்.

ஒரு நாள் தங்கை தேத்தண்ணியைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

"அண்ணை, கோபிகா எண்டொரு பிள்ளை பாண்டிலை பெரிய மேளம் அடிக்கிறவள். ஒரு அடி பிசகாது. மூண்டிலை ஒண்டு பெரிசோ, நாலிலை ஒண்டு பெரிசோ எண்டு கேட்டன். 'நாலுதானே ரீச்சர் பெரிசு' எண்டுறாள். தவணைச் சோதினை வருது. உதுகளுக்கு எப்ப பின்னம் படிப்பிக்கிறது?"

"அதிபரிட்டைக் கேளன்."

"கேட்டன். முதல்லை அடைவு கூடட்டுமாம், பிறகு பாடம் நடத்தலாமாம்."

கருத்தரங்கன்று காலை இரண்டு ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள். வகுப்புக் கதவைப் பூட்டிவிட்டு, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நாலாகவும் வெட்டினாள்.

"கோபிகா, உமக்கு எந்தத் துண்டு வேணும்?"

பிள்ளை இரண்டையும் பார்த்தது. மூன்றாக வெட்டிய ரொட்டியில் கை வைத்தது. "ஐயோ ரீச்சர்!" என்றதாம்.

அந்த நேரம் யன்னலில் அதிபர்.

"ரீச்சர், வாகனம் கேற்றடிக்கு வந்திட்டுது! மாலை போட ஆளில்லை!"

"நீங்களே போடுங்கோ சேர். இஞ்சை பாடம் நடக்குது."

"பாடமோ? இண்டைக்கோ?"

மாலையை அவரே போட்டார். மேளத்தைக் காவலாளி தாளம் தவறத் தவற அடித்தார். எந்தக் காலை எடுத்து வைப்பதென்று தெரியாமல் விருந்தினர் நின்று நின்று வந்தாராம்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் தண்டனை கொடுத்தார்.

"இந்த வருஷம் முடியுமட்டும் எட்டாம் வகுப்பு ஒரு விழாவிலையும் நிக்கக்கூடாது. வகுப்புக்குள்ளேயே கிடக்கட்டும்!"

தங்கை தலையைக் குனிந்தபடியே இருந்தாளாம். "நிமிர்ந்தால் சிரிப்பு வந்திடும் அண்ணை."

தவணைச் சோதினையில் வகுப்பின் கணிதப் புள்ளி ஏறியது. கோபிகாவும் சித்தியடைந்தாள். திட்டம் வெற்றியென்று மேலிடம் அறிவித்து, அதிபருக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தது. அதிபர் தங்கையிடம் வந்தார்.

"ரீச்சர், தண்டனையை விட்டிட்டன். பிள்ளையளைப் பாண்டுக்கு விடுங்கோ."

"வருஷம் இன்னும் முடியேல்லையே சேர். எல்லா ரீச்சர்மாருக்கும் முன்னாலை சொன்ன சொல்லு. மாறினால் உங்களுக்குத்தானே மரியாதை இல்லை."

அதிபர் காவலாளியைத் தேடிப் போனார்.

அதிபர் பொன்னாடையோடு நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதை வெட்டிச் சட்டம் போட்டு, தங்கையின் பட்டப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள், "இதிலை உங்கடை தங்கச்சி எங்கை?" என்று கேட்பார்கள். அதிபரின் தோளுக்குப் பின்னால் பூட்டியிருக்கும் எட்டாம் வகுப்புக் கதவைத் தொட்டுக் காட்டுவேன்.