எழுத்தாளர் கும்பிட்ட சாமி

கடவுள் இல்லை என்று மேடைதோறும் பேசும் ஒரு பெரிய எழுத்தாளரின் நாவல்கள் எனக்கும் என் தோழிக்கும் மனப்பாடம். தொலைந்த ஆட்டைத் தேடும் மேய்ப்பன் அடிக்கடி வருவதால், அவர் உள்ளுக்குள் கிறிஸ்தவர் என்பாள் அவள். மயில் தவறாமல் வருவதால் முருக பக்தர் என்பேன் நான்.

போன வருடம் பிரிக்பீல்ட்ஸில் வாசகர் சந்திப்பு முடிந்து, வாழையிலைச் சாப்பாட்டுக்கு அவர் எங்கள் எதிரே உட்கார்ந்தார். ஆடும் மயிலும் ஏன் வருகின்றன என்று தோழி கேட்டே விட்டாள்.

“ஆடு எங்கப்பா மேய்ச்சதும்மா. மயில் பக்கத்து வீட்டுக் கூரையில உட்காரும்,” என்று சிரித்தார்.

எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் சோறு வந்ததும் அவர் கண்ணை மூடி, உதட்டை மெல்ல அசைத்தார். தோழி என் காலை மிதித்தாள்.

“ஜெபம்லா அது!” என்றாள் ரயிலில்.

“முருகான்னுதான் உதடு அசைஞ்சிச்சு!” என்றேன்.

சண்டையில் எங்கள் நிறுத்தமான பங்சாரில் இறங்க மறந்துவிட்டோம்.