வாசலில் வைத்த வடிகட்டி

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரத்தில் இருக்கும் ஆற்று அலுவலகத்தில் அலினாஃபெ என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. "தபால் மாயி", அதாவது தபாலம்மா, என்று கேட்டால் கடைசி அறையைக் காட்டுவார்கள். அவள் ஒரு நாளும் தபால் சுமந்ததில்லை. நம்பிலி ஆற்றங்கரையில் நீர்மட்டம் பார்ப்பவர்கள், சாலைக்காரர்கள், ஊர்க் குழுக்கள் என்று இருநூற்றுச் சொச்சம் பேர் ஒரே முகவரிக்கு மின்னஞ்சல் எழுதுவார்கள். எழுதியது எல்லோருக்கும் போகும், ஒரு பிரதி காப்பகத்தில் விழும். அந்த மின்னஞ்சல் குழுவைப் பதினோரு வருஷமாகக் கட்டி மேய்த்தவள் அவள்.

நாற்பத்தாறு வயது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ன்சிமாக் களியையும் உசிப்பா மீனையும் கணினிக்கு எதிரிலேயே சாப்பிடுவாள். அவளுடைய விசைப்பலகையை வேறொருவர் தொட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் தூக்கி வைத்திருப்பாள். சுத்தம் என்றால் உயிர். அதனால்தான் லாட்டரி விளம்பரமும் லேகிய விளம்பரமும் காப்பகத்தில் வந்து விழ ஆரம்பித்தபோது அவளுக்குத் தூக்கம் போனது. கூட்டிக் கூட்டிப் பார்த்துக் கை ஓய்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வடிகட்டியைக் கொண்டுவந்து குழுவின் வாசலிலேயே உட்கார வைத்தாள். அது குப்பை என்று சொன்ன கடிதம் யாருக்கும் போகாது, காப்பகத்திலும் விழாது. அப்படி ஒன்று வந்த சுவடே இருக்காது.

பக்கத்து அறை லிம்பானி மட்டும் இது சரியில்லை என்றான். வடிகட்டி வேறு, காப்பகம் வேறு, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், வந்ததெல்லாம் முதலில் காப்பகத்துக்குப் போகட்டும், குப்பைக்கு ஒரு அடையாளம் போட்டு ஓரமாக வைத்தால் போதும் என்று கெஞ்சினான். உங்கள் வீட்டில் குப்பையைப் பத்திரமாகப் பூட்டி வைப்பீர்களோ என்று அவள் கேட்க, அறையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"அனுப்பலாமா வேணாமான்னு அது சொல்லட்டும் மாயி. வந்துச்சா வரலையான்னு அது சொல்லக் கூடாது."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுத்தமான காப்பகத்தைப் பார்த்து இயக்குநர் காலிங்குலு கூட்டத்தில் அவளைப் பாராட்டினார். பாராட்டு ஒரு மனுஷியை எவ்வளவு செவிடாக்கும் என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலாற்றில் ஐந்தாம் எண் அளவுகோலைப் பார்ப்பவர் வைசன் மலேமியா. நல்ல மனுஷர், ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். "அன்புச் சகோதர சகோதரிகளே" என்று தொடங்கி, நீர்மட்டத்தை மூன்று முறை சொல்லி, கர்த்தரைத் துதித்து, தனக்கு இன்னும் மழைக்கோட்டு வரவில்லை என்று முடிப்பார். எல்லாவற்றுக்கும் மேலே "அவசரம்" என்று கொட்டை எழுத்து. குழுவில் கேலி பறந்தது. மழைக்கோட்டுக் கடிதம் வரும்போதெல்லாம் அலினாஃபெ எரிச்சலில் "குப்பை" என்ற பொத்தானை அழுத்திவிடுவாள். அந்தக் கோட்டுப் புராணம் நின்றால் போதும் என்றுதான் நினைத்தாள். வடிகட்டிக்குக் கோட்டு எது, தண்ணீர் எது என்று தெரியுமா? அது "அவசரம்" என்ற கொட்டை எழுத்து உட்பட அந்த மனுஷரின் பேச்சையே குப்பை என்று படித்துக்கொண்டது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு பொங்கியது. குழுவில் எச்சரிக்கை வந்தால்தான் கீழாற்றுத் தரைப்பாலத்தில் தடுப்புக் கட்டையை இறக்குவார்கள். எச்சரிக்கை வரவில்லை. ஒரு மினிபஸ் தண்ணீரில் இறங்கியது, நான்கு பேர் செத்தார்கள்.

வைசன் எழுதினேன் என்றார். அவருடைய கைபேசி அன்றைய வெள்ளத்தோடு போய்விட்டது. காப்பகத்தில் தேடினார்கள், இல்லை. காப்பகத்தில் இல்லையென்றால் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை விசாரணை, அதோடு வேலை போகும், பிறகு போலீஸ் என்று பேச்சு.

விசாரணைக்கு முந்தைய வியாழக்கிழமை காலை, சும்மா பார்ப்போமே என்று அலினாஃபெ சர்வரின் குறிப்பைத் திறந்தாள். யார் அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு, உள்ளே விட்டதா தள்ளியதா என்று மட்டும் ஒவ்வொரு வரி இருக்கும். பதினான்கு நாளானால் அதுவும் தானே அழிந்துபோகும். வெள்ளம் வந்த செவ்வாய்க்கிழமையின் வரிகளில் வைசனின் பெயர் இருந்தது. காலை ஐந்து இருபது. தள்ளப்பட்டது.

கதவைச் சாத்தினாள், பிறகு சாத்தினால் சந்தேகம் வருமே என்று திறந்தாள். அந்த நான்கு பேரில் ஒருத்தியின் புகைப்படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருந்தாள், பச்சை நிற சிட்டென்ஜேத் துணியை இடுப்பில் கட்டியிருந்தாள். இப்போது கண்ணை மூடினால் அந்தப் பச்சைதான் வந்தது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, விசாரணையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மறுநாள் அந்த வரி தானாகவே போய்விடும். இதை நினைத்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. வடிகட்டியை நிறுத்தலாமா என்று கை போனது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்பார்கள். விட்டுவிட்டாள். அன்றும் மறுநாளும் சாப்பாட்டு டப்பா மூடியபடியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு விசாரணை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. வைசன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் நின்றார், கைப்பகுதி விரல் வரை தொங்கியது. எழுதினேன் பம்போ, சத்தியமாக எழுதினேன் ஐயா என்றதைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. காலிங்குலு காப்பகத்தின் அச்சுப் பிரதியை மேசையில் தள்ளி, அப்படியானால் எங்கே என்று கேட்டார்.

அலினாஃபெ எழுந்தாள். அன்று காலைதான் எடுத்த குறிப்பின் பிரதியைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"அவர் எழுதினாரு பம்போ. வடிகட்டி தள்ளிடுச்சு. தள்ளினா காப்பகத்துலயும் நிக்காத மாதிரி நான்தான் கட்டி வெச்சேன். அவர் எழுதுறது குப்பைன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

வைசன் கத்துவார், சபிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்தார்.

"மாயி, அந்த வடிகட்டி இப்பவும் ஓடுதா?"

அவர் விரல் கடைசி வரியில் நின்றது. ஏழாம் எண் அளவுகோல், மெர்சியானா. இன்றைய தேதி. காலை ஏழு மணி. தள்ளப்பட்டது.

"மெர்சியானா சாயங்காலம்தான் எழுதுவா. தண்ணி ஏறினாத்தான் காலையில எழுதுவா."

மெர்சியானா என்ன எழுதியிருந்தாள் என்று அலுவலகத்தில் எந்தக் கணினியிலும் பார்க்க முடியாது. மெர்சியானாவின் எண்ணை அழைத்தார்கள், போகவில்லை. ஏழாம் எண்ணிலிருந்து தரைப்பாலத்துக்குத் தண்ணீர் வர மூன்று மணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. அலினாஃபெ தரைப்பாலத்துக் காவலாளியை அழைத்து, கட்டையை இறக்கு என்றாள். கைபேசியை மேசையில் வைத்திருந்ததால் அவன் பதில் எல்லோருக்கும் கேட்டது.

"குழுவுல ஒண்ணும் வரலியே மாயி. வராம இறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க பஸ் வரிசையா நிக்குது."

வைசன் குனிந்து கைபேசிக்கு அருகே வாயைக் கொண்டுபோனார்.

"நான் அஞ்சாம் நம்பர் வைசன். இறக்குப்பா."

மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு நடுவே சங்கிலி அவிழும் சத்தம் கேட்டது. பத்து பத்துக்குத் தரைப்பாலம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது என்று காவலாளி சொன்னபோது அலினாஃபெ மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். இரண்டு வருஷத்தில் இன்னும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று வைசன் அவளைக் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள், இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.