‘மறுப்பு’ கட்டத்தில் நான் போட்ட இரண்டு டிக்

1. ரிவ்யூ மீட்டிங்

முப்பது வருடம் கடத்தூர் பக்கத்தில் கிராம சுகாதார நர்ஸாக நடையாய் நடந்தேன். ரிடையர் ஆக ஒரு வருடம் இருக்கும்போதுதான் எனக்கு முதல் மெமோ வந்தது. இன்னும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு அந்தக் கதை தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாதம் ஒரு முறை எங்கள் பகுதிக்கு மருத்துவ வேன் வரும். டாக்டரும் சுகர், பிரஷர் மாத்திரைகளும் அதிலேயே வந்துவிடும். வேன் மெயின் ரோட்டு ஸ்கூலில் நிற்கும், கொட்டாய்க்காரர்கள் அங்கே நடந்து வர வேண்டும். கொட்டாய் என்றால் எங்கள் பக்கம் காட்டுக்குள் தள்ளியிருக்கும் சின்னக் குடியிருப்பு. வராதவர்களுக்கு ரெஜிஸ்டரில் இரண்டே கட்டம். ஒன்று ‘வெளியூர்’, இன்னொன்று ‘மறுப்பு’.

புளியமரத்துக் கொட்டாயிலிருந்து இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. இரண்டு முறையும் ‘மறுப்பு’ கட்டத்தில் மேலிருந்து கீழாக டிக் போட்டேன். ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்கவில்லை. வெயில், கால்வலி, வேலை என்று அன்றைக்கு எனக்கு நூறு சாக்கு இருந்தது.

ரிவ்யூ மீட்டிங்கில் ஆபீசர் ஒரு பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

“சிஸ்டர், அந்தக் கொட்டாய்க்காரங்களுக்கு நம்ம சர்வீஸே வேணாமாம். லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம். மக்கள் மறுத்துட்டாங்கன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

பேனாவைத் திறந்துவிட்டேன். லிஸ்டில் முதல் பெயர் முனியம்மாள். சுகர்காரர், என் வயதுதான். நாலு மாத்திரை குறைந்தால் வேன் முன்னாலேயே என்னைப் பிடித்து உலுக்கிவிடுவார். அவரா வேண்டாம் என்றார்? பேனாவை மூடினேன்.

“நாளைக்கு வந்து போடறேன் சார்.”

2. காப்பு

மறுநாள் காலையில் கொட்டாய்க்குப் போனேன். ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம். மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டியிருந்தது. கையில் காப்புக் கட்டியவர் பண்டிகை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். ஸ்கூல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வேன் வந்தது காப்புக் கட்டிய மறுநாள். அதற்கு முந்தைய மாதம் புளி உலுக்கும் சமயம். ஊரே விடியும் முன் மரத்தடிக்குப் போய், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். டிக் போடும்போது நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முனியம்மாள் கட்டிலில் படுத்திருந்தார். வலது காலில் பழந்துணி சுற்றியிருந்தது. பிரித்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. முள் குத்தி இருபது நாளாம். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. மாத்திரை தீர்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டதாம்.

“என்னங்கக்கா, வேன் வேணாம்னுட்டீங்களா?”

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “யாரு சொன்னது? வேணாம்னு சொல்றதுக்கு எங்கிட்ட யாரு வந்து கேட்டாங்க? நர்ஸம்மா, நீங்க வந்தீங்களா?”

போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

“எல்லையத் தாண்ட மாட்டனுங்க” என்றார். மஞ்சள் கயிறு கட்டிய கையை மார்போடு வைத்துக்கொண்டார். “காலு போனாப் போவுது. சாமி குத்தம் வேணாம்.”

மூடநம்பிக்கை என்று நான் கத்தியிருந்தால் கதவுதான் சாத்தப்பட்டிருக்கும். காப்பு அவருடையது, அதை அவிழ்க்கச் சொல்ல நான் யார்? நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தவர் கையைக்கூடத் துடைக்காமல் என்னோடு வந்தார். சூடம் ஏற்றி, முனியம்மாள் கையிலிருந்த காப்பை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்.

“ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. சூலத்துல கட்டி வெக்கறன். நீ போயிட்டு வாக்கா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நோவுல கெடக்கறவங்களுக்கு அவுத்து வெக்கறது எப்பவும் இருக்கறதுதானுங்க நர்ஸம்மா. போன வாரமே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே அவுத்திருப்பன். யாருங்க வந்து கேட்டீங்க?”

ஒரே காலையில் இரண்டாவது முறை அதே கேள்வி. ஆம்புலன்ஸ் தருமபுரிக்குப் போனது, நானும் கூடவே போனேன்.

3. கையெழுத்து

அடுத்த நாள் ஆபீசில் அந்தப் பேப்பர் காத்திருந்தது.

“போட மாட்டேன் சார்.”

“ரெஜிஸ்டர்ல ரெண்டு மாசமும் மறுப்புன்னு நீங்கதானே சிஸ்டர் டிக் போட்டிருக்கீங்க?”

“ஆமா சார், நான்தான். தப்பாப் போட்டேன்.” ரெஜிஸ்டரை இழுத்து, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதினேன். ஒரு மாதத்துக்கு ‘புளி உலுக்கு’, இன்னொரு மாதத்துக்கு ‘காப்பு’.

“ஃபார்மேட்ல இப்படியெல்லாம் எழுதக் கூடாது!”

“அப்ப ஃபார்மேட்டை மாத்துங்க சார்.”

“சர்வீஸ் முடியற நேரத்துல மெமோ வாங்கணுமா?”

“குடுங்க, வாங்கிக்கறேன்.”

பேனாவை மூடிப் பையில் வைத்தேன், அந்தப் பேப்பரைத் தொடவில்லை. என் கையெழுத்து இல்லாமல் பேப்பர் நகராது, நகரவும் இல்லை. புளியமரத்துக் கொட்டாய் லிஸ்டிலேயே இருந்தது. அடுத்த மாதத் தேதியைப் பூசாரியிடம் கேட்டுத்தான் குறித்தேன். வேனை ஊருக்குள்ளேயே வரவைத்தேன். அதற்கும் ஒரு சண்டை போட வேண்டியிருந்தது, போட்டேன்.

முனியம்மாளுக்குக் கால் தப்பியது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். வேன் வந்த அன்று விந்தி விந்தி வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். மாத்திரையை எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கம்மியா இருக்குது” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண்களே, ‘மறுப்பு’ என்று எழுதும் முன் அந்த ஆள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேளுங்கள். கேட்காமல் எழுதச் சொன்னால், எழுத மாட்டேன் என்று சொல்லுங்கள். வானம் இடிந்து விழாது. மெமோதான் வரும்.

எனக்கு வந்த மெமோ, கையெழுத்திட மறுத்த காரணத்தை எழுத்து மூலம் கேட்டது. நான் எழுதிக் கொடுத்த பதில் இவ்வளவுதான்: “இதற்கு முன் இரண்டு முறை பார்க்காமலே டிக் போட்டேன். ஒரு பெண்ணுக்கு விரல் போய்விட்டது. மூன்றாவது முறை போய்ப் பார்த்தேன். அதனால் போடவில்லை.”