மேவிஸின் சக்களத்தி

மேவிஸ் ஹார்கட்டுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். பெயர், ஸ்டேன்மவுத் நாடாளுமன்றத் தொகுதி. இதை மேவிஸ் ஒருநாளும் விளையாட்டாகச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் முடி சுருட்டிக்கொள்ள என் கடைக்கு வருவாள். தலை நனைவதற்குள் புலம்பல் ஆரம்பமாகிவிடும்.

"நேத்து பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டாரு. எங்கன்னு கேளு கண்ணு. அவகிட்டதான்!"

அவள் கணவர் வில்ஃப், கல்யாணமான நாளிலிருந்து கட்சிக்காக வீடு வீடாகத் துண்டறிக்கை போடுகிறவர். கதவில் இருக்கும் தபால் பொந்துக்குள் கைவிட்டால் நாய் கடிக்கும் என்று மரக்கரண்டியால் தாளைத் தள்ளுவார். மேவிஸின் நல்ல கரண்டிகளெல்லாம் இப்படித்தான் பல்தடம் பட்டுப் பாழாயின. எந்தத் தெருவில் எந்தக் கிழவிக்கு மூட்டுவலி என்பது மனுஷனுக்கு அத்துப்படி. சொந்தப் பெண்டாட்டிக்கு முட்டி வீங்கியிருப்பதை மட்டும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் லண்டனில் யாரோ உட்கார்ந்து தொகுதி எல்லைகளை மாற்றினார்கள். எங்கள் ஊரைப் பக்கத்து லார்க்ஃபீல்டோடு சேர்த்துப் புதுத் தொகுதி ஆக்கிவிட்டார்கள். பழைய தொகுதி இல்லாமல் போயிற்று.

"செத்தாடி!" என்று மேவிஸ் க்ரீம் கேக்கோடு கடைக்குள் நுழைந்தாள். "எல்லாரும் சாப்பிடுங்க. அவளோட கருமாதி!"

சந்தோஷம் நிலைக்கவில்லை. வில்ஃப் சவரம் செய்வதை விட்டார். சன்னலோரம் உட்கார்ந்து கடலையே வெறித்துக்கொண்டிருந்தார். 

"எங்கம்மா அடக்கம் முடிஞ்சதும் நேரா கட்சிக் கூட்டத்துக்குப் போன மனுஷன், இவளுக்குத் தாடி வளக்கறாரு!" சீப்போடு நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் செத்தா இப்படி உக்காருவாரா?"

மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு முடியை வாரினேன்.

அந்த வாரமே புதுத் தொகுதியின் கட்சிக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க ஆள் வேண்டுமாம். எடுத்தது மேவிஸ். ராங் நம்பர் என்று வைத்திருக்கலாம். ஆனால், 'முடியாது, இனிமேல் மேவிஸோடுதான் இருக்கப்போகிறேன்' என்று அவர் வாயால் சொல்லிக் கேட்க அவளுக்கு ஆசை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டாரு." கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சவரம் பண்ணிக்கிட்டாரு. சென்ட்டு போட்டுக்கிட்டாரு, கண்ணு. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அவரு சென்ட்டு போடல."