சின்னண்ணா ஃப்ளெக்ஸில் யார் யார்?

ஃப்ளெக்ஸ் டிசைனருக்கு அரசியல் தெரியவேண்டாம். யார் தலை யார் தலையைவிடப் பெரிசு என்று தெரிந்தால் போதும். சித்தூரில் ஒரு கடையில் மவுஸைத் தேய்க்கிறவன் நான். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால், படித்து ஆறுதல் அடையுங்கள்.

வளர்கிற அண்ணா

ஆளுங்கட்சியின் மாவட்டத் தலைவர், ஊருக்குப் பெத்தண்ணா. துணைத்தலைவர் சின்னண்ணா. பெத்தண்ணாவின் நாற்காலிமேல் சின்னண்ணாவுக்குக் கண் என்பதை நான் பேப்பரில் படிக்கவில்லை. அவருடைய வலதுகை கேசவுலு ஃப்ளெக்ஸ் போட வரும்போதே தெரிந்துபோனது. உகாதிக்குச் சின்னண்ணா மார்பளவு. கங்கம்மா ஜாத்திரைக்கு இடுப்பளவு. பெத்தண்ணாவின் பிறந்தநாள் வாழ்த்துக்கோ முழு உருவம், நடந்து வருகிற மாதிரி.

"தலைவரை மறைக்குதுண்ணா. அவரைச் சின்னதாக்கட்டுமா?" என்றேன் மெதுவாக.

கேசவுலு பதறிப்போனார். "ஐயையோ, சின்னதாக்கினா துரோகம் பா! தலைவரைக் கொஞ்சம் தூரத்துல நிக்க வை, அந்தே, அவ்ளோதான்."

படம் வேண்டாதவர்கள்

திருப்பதியில் தலைவர் தேர்வுக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. சின்னண்ணா போட்டி. 'புதிய தலைவரே வருக!' என்று கேசவுலு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தார். வழக்கமாக வாழ்த்துபவர் வரிசையில் முகம் வர அடிதடியே நடக்கும். இந்தமுறை ஒவ்வொருவராக வந்தார்கள், முகத்தை எடுக்கச் சொல்லி. விஜயபுரத்துக்காரருக்கு மீசை சரியாக விழவில்லையாம். புத்தலப்பட்டுக்காரர் வீட்டில் துக்கமாம். யார் போய்விட்டார் என்று கேட்டேன். "கூட்டம் முடிஞ்சாதான் தெரியும் பா" என்றார்.

கடைசியில் கேசவுலுவே வந்தார். "என்னுதையும் எடுத்துடு பா. ஜெயிச்சப்புறம் மூஞ்சியை ஒட்டிக்கலாம்."

அண்ணாவே வந்தார்

கூட்டத்தன்று காலை, திருப்பதி போகிற வழியில் சின்னண்ணா கடைக்கே வந்துவிட்டார். ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்தேன். மேலே எழுத்து, நடுவில் அவர், சுற்றிலும் வெறும் நீலவானம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஓரம் ஓரமாகத் தேடினார்.

"கேசவுலு எங்க பா?"

"எடுக்கச் சொன்னாருண்ணா."

"மத்தவங்க?"

வெளியே காரிலிருந்து கேசவுலு ஹாரன் அடித்தார். "டைம் ஆவுதுண்ணா! உங்ககூட நாங்க எல்லாரும் இருக்கோம்!"

சின்னண்ணா நிமிர்ந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, என் காதருகே வந்தார். "அந்தப் பிறந்தநாள் டிசைன் இருக்குதில்ல? பெத்தண்ணாவைக் கிட்டக் கூட்டிக்கினு வா. 'மீண்டும் நீங்களே தலைவர்'னு எழுது. என்னைக் கொஞ்சம் தூரத்துல நிக்க வை."

எங்கள் மாவட்டத்துக்குப் புதிய தலைவர் வந்தாச்சா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: வந்துவிட்டார், அந்த நீலவான ஃப்ளெக்ஸோடு புத்தலப்பட்டில் வேர்க்கடலை மூட்டைகள்மேல் மழைக்கு மல்லாந்து படுத்திருக்கிறார்.